இன்டர்நெட் வருகிறது, பக்கத்துக் கம்ப்யூட்டர் மட்டும் தெரியவில்லை

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள என் புது லேப்டாப்பில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டரும் வைஃபை பிரிண்டரும் ‘நெட்வொர்க்’ பக்கத்தில் தெரியவே இல்லை. போனிலிருந்து பிரிண்ட் போகிறது. பார்க்க வந்தவர் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்துவிட்டு, நெட்வொர்க் கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். லேப்டாப்புக்கு இன்டர்நெட் வருவதே அந்தக் கார்டு வழியாகத்தான். கார்டு செத்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். அவர் அணைத்த ஃபயர்வால் வெளியாட்களைத் தடுக்கும் காவல்; அதை முதலில் திரும்பப் போடுங்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

விண்டோஸ் 11 புது வைஃபையில் சேர்ந்தால் அதைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொள்ளும். ரயில் நிலையத்தில் இருப்பதுபோல மற்றவர் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ என்று இன்னொரு மூலையில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’ ஸ்விட்ச் இருக்கும். அதையும் போட வேண்டும். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொள்ள இத்தனை கதவு எதற்கு? ஒவ்வொரு பதிப்பிலும் இதன் இடத்தை வேறு மாற்றிவிடுகிறார்கள். பழைய கம்ப்யூட்டரிலும் இதையே செய்து, ஃபைல் ஷேரிங்கையும் போடுங்கள்.

அப்படியும் தெரியவில்லை என்றால், லேப்டாப் எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். பல ரூட்டர்களில் விருந்தினருக்கென்று ‘கெஸ்ட்’ வைஃபை தனியாக உண்டு. அதில் சேர்ந்தவருக்கு இன்டர்நெட் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் தெரியாது. அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். போனில் பிரிண்ட் போவதால் பிரிண்டரும் ரூட்டரும் நலம். போன் வீட்டு வைஃபையிலும் லேப்டாப் கெஸ்ட்டிலும் இருந்தால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் முகவரியான ஐபி எண்ணையும் ஒப்பிடலாம்: ஒன்று 192.168.1.20, மற்றது 192.168.0.15 என்றிருந்தால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். இரண்டாவது ரூட்டர் வாங்கிச் செருகிய வீடுகளிலும் இதே நிலைதான். ஆனால் சில ரூட்டர்கள் கெஸ்ட்டுக்கும் அதே வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டு உள்ளே சுவர் வைத்துவிடும். அதனால் எண் ஒத்துப்போகிறதே என்று விட்டுவிடாமல், வைஃபை பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பில் ஃபயர்வால் அணைந்து கிடந்தது, ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டிருந்தது, எஸ்எம்பி1 போடப்பட்டிருந்தது. மூன்று பேர் கை வைத்திருக்கிறார்கள், மூவரும் காசு வாங்கியிருக்கிறார்கள். லேப்டாப் இருந்தது கெஸ்ட் வைஃபையில்!

எஸ்எம்பி1 என்பது ஃபைல் பகிர்வதற்கான பழைய முறை. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பாய்ந்தது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு இறுதியிலிருந்து விண்டோஸில் அது தானாக வருவதில்லை. அதைப் போட்டால் எல்லாம் தெரியும் என்று யாராவது சொன்னால், அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். போனில் கூப்பிட்டு, ‘ரிமோட் ஆப் போடுங்கள், நான் உள்ளே வந்து பார்க்கிறேன்’ என்பவரை விடவே விடாதீர்கள். அவர் உங்கள் பேங்க் கணக்கைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. ‘நெட்வொர்க்’ பக்கத்தில் பெயர் வரவில்லை என்பதாலேயே இணைப்பு இல்லை என்று ஆகாது. ஃபைல் எக்ஸ்புளோரரின் மேல்பட்டியில் \\192.168.1.20 என்று பழைய கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். திறந்தாலோ, பாஸ்வேர்டு கேட்டாலோ இணைப்பு சரி. அந்தக் கம்ப்யூட்டரின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். பிரிண்டரையும் ‘ஆட் பிரிண்டர்’ பகுதியில் அதன் ஐபி எண்ணைக் கொடுத்தே சேர்க்கலாம். பட்டியலில் அது தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.