டிரெய்லர் இழுக்கப் பழைய பிக்கப்: எந்த இன்ஜினை நம்பலாம்?

குதிரைசக்தியைப் பார்த்து வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பாரம் இழுக்க முக்கியம் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை. அதுவும் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்க வேண்டும். டீசல் அதில்தான் கெட்டி.

அமெரிக்கப் பிக்கப்களில் என் முதல் தேர்வு, டாட்ஜ் ராமில் 1998 வரை வந்த 12 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், மெக்கானிக்கல் டீசல் பம்ப். எலக்ட்ரானிக்ஸ் தொல்லை குறைவு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: முன்பக்க கியர் உறைக்குள் இருக்கும் சின்ன டோவல் பின் (பாகங்களைச் சரியான இடத்தில் பொருத்தும் உலோகக் குச்சி) கழன்று பற்சக்கரத்தில் விழுந்தால் கதை கந்தல். அது கழலாதபடி தகடு வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலும் நல்லதுதான். அடுத்து வந்த 6.0 டீசல் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விப்பது), ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மேல்மூடியின் அடைப்புத் தகடு) என்று செலவு வரிசையாக வரும்.

எப்போதாவது ஒரு சின்னப் படகு இழுப்பவருக்கு டீசலே வேண்டாம். செவர்லேயின் 6.0 பெட்ரோல் இன்ஜின் தாராளம்.

பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்புறம், கியர்பாக்ஸ் ஆயிலில் கருகிய வாடை அடித்தால் இன்ஜின் தங்கமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.