கெம்பஸ் நிறம் பிடிக்காதவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

மட்டக்களப்பில் கெம்பஸ் (பல்கலைக்கழக) பிள்ளைகளுக்குப் பெட்ச் டீசேர்ட், அதாவது ஒரே தொகுதி மாணவர்கள் சேர்ந்து போடும் டீசேர்ட், அச்சடிப்பது என் தொழில், அதற்கு முன் சாயப் பட்டறையில் நின்றவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன் திரையைக் காட்டி 'இந்த நிறம்' என்று சொல்ல வேண்டாம். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரித் தெரியும். துணித்துண்டு வேண்டும்.

களுவாஞ்சிகுடித் தங்கை: எங்கள் கெம்பஸ் நிறம் மெரூனும் மஞ்சளும். உடுத்தினால் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கிறது. மெரூனைக் கண்டாலே வெறுப்பு அண்ணா.

மெரூன் பாவம் தங்கச்சி, பக்கத்தில் நிற்கும் மஞ்சள்தான் குற்றவாளி. பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்துச் சாயப் பிரிவுக்கு 1824இல் செவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பாக வந்தார். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று அவரிடம் முறைப்பாடு. நூலைச் சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்திருக்கிறது. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். உங்கள் விஷயமும் அதுதான். அச்சுக்கடைகளில் கைக்கு முதலில் அகப்படுவது பச்சை கலந்த எலுமிச்சை மஞ்சள். அது பக்கத்து மெரூனை ஊதாப் பக்கம் தள்ளி இருட்டாக்கும். ஒரே மெரூன் துணியை இரண்டாக வெட்டி, ஒன்றின் மேல் எலுமிச்சை மஞ்சளும் மற்றதன் மேல் அரைத்த கடுகு போன்ற மங்கிய மஞ்சளும் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே துணி என்று நம்ப மாட்டீர்கள். கெம்பஸ் விதிகளில் 'மஞ்சள்' என்றுதான் இருக்குமே தவிர எந்த மஞ்சள் என்று பெரும்பாலும் இருக்காது, அந்த இடைவெளிக்குள் விளையாடுங்கள்.

ஏறாவூர்த் தம்பி: வெள்ளை டீசேர்ட்டில் மஞ்சள் எழுத்து?

வேண்டாம். பத்தடி தள்ளி நின்றால் வெறும் வெள்ளை டீசேர்ட்தான்.

அக்கரைப்பற்று வாசகர்: பிடிக்காத நிறத்தை மாணவர்கள் சேர்ந்து மாற்ற முடியுமா?

அது மூதவை (செனட்), பேரவை (கவுன்சில்) என்று கெம்பஸ் நிர்வாக சபைகளுக்குப் போகும் கதை, மாணவர் ஒன்றியத்திடம் கேளுங்கள். ஆனால் நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகை 1873இல் 'மெஜெண்டா' (ஊதா கலந்த சிவப்பு) என்ற நிறத்தின் பெயரில் தொடங்கியது, 1875இல் கெம்பஸ் நிறம் கிரிம்சன் (கடுஞ்சிவப்பு) என்று முடிவானதும் பத்திரிகையும் பெயரை மாற்றிக்கொண்டது.

செங்கலடித் தங்கை: மெரூன் டீசேர்ட்டோடு கழுவிய வெள்ளைச் சட்டை ரோஸ் ஆகிவிட்டது. உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

நிற்காது. உப்புக்குச் சாயத் தொட்டியில்தான் வேலை, அங்கே சாயத்தைப் பருத்தி நூலின் பக்கம் தள்ளிவிடும். பிடிக்க வைப்பது சலவைச் சோடா. பிடிக்காமல் மிஞ்சியதைச் சுடுநீரில் அலசி எடுக்க வேண்டும், அந்த அலசலைத்தான் யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். முதல் நாலைந்து தடவை தனியாகக் கழுவுங்கள், நனைந்தபடி வாளிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காத்தான்குடித் தம்பி: படம் அனுப்பியிருக்கிறேன், இதே நிறத்தில் 120 டீசேர்ட் முடியுமா?

மேலே எழுதியிருக்கிறேன். துணித்துண்டு.

மருதமுனைத் தம்பி: எங்கள் நிறம் ஊதா. பொம்பிளைப் பிள்ளைகளின் நிறம் என்று நண்பர்கள் பகிடி பண்ணுகிறார்கள். வீட்டில் தறி இருக்கிறது, ஏதாவது செய்யலாமா?

தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு என்ன கவலை? ஊதாப் பாவில் (நீள நூலில்) கறுப்பு ஊடை (குறுக்கு நூல்) ஓட்டு, தூரத்தில் பழுத்த நாவல்பழம் மாதிரி இருக்கும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் உன் நண்பர்களிடம் இதையும் சொல்: செயற்கைச் சாயம் என்று முதன்முதலில் கடைக்கு வந்ததே ஊதா வகைதான். 1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தது.

கல்லடி வாசகர்: ஊதா என்றால் நீலம் அல்லவா? எங்கள் அம்மம்மா நீலச் சேலையை ஊதா என்றுதான் சொல்வார்.

களுவாஞ்சிகுடித் தங்கை: இல்லை, ஊதா என்றால் கத்தரிப்பூ!

மருதமுனைத் தம்பி: கத்தரிப்பூ வெளிறியது. ஊதா என்பது நாவல்.

ஆரம்பித்துவிட்டீர்களா? அம்மம்மாவும் பிழையில்லை, நீலத்தை ஊதா என்பவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். அதைக் காசு கொடுத்துப் படித்தவன் நான். இந்தியாவில் ஒரு வியாபாரியிடம் போனில் 'நல்ல ஊதா, 80 மீட்டர்' என்றேன், அவரும் 'நல்ல ஊதா' என்றார். பொதியைப் பிரித்தால் பளிச்சென்ற நீலம். கெம்பஸ் பிள்ளைகள் எட்டுப் பேர் கடை வாசலில் நிற்கிறார்கள், நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறேன். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு நீல இல்லத்துக்காரர் வாங்கிப்போனார்கள், அதுவும் பாதி விலைக்கு.

கல்லடி வாசகர்: அப்போ அந்த வியாபாரி சொன்னது சரிதானே அண்ணா?

அவருடைய ஊரில் சரி. நட்டம் என்னுடைய ஊரில்.

ஏறாவூர்த் தம்பி: வெள்ளையில் வெளிர் மஞ்சள்?

தம்பி!

செங்கலடித் தங்கை: கடைக்குள் பார்த்து வாங்கிய மெரூன் சால்வை வெளியே கபிலமாகத் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு, வெயிலில் தாராளம். அதனால் சில சாயக் கலவைகள் உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம் காட்டும். வாங்கும் முன் வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

கல்லடி வாசகர்: எது ஊதா என்று முடிவாகச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டுமா?

அம்மம்மாவின் சேலையைக் கொண்டு வாருங்கள்.