புதுத் தொட்டிக்கு மாற்றிய ஆக்சலாட்டில் (பல்லி போன்ற உருவில், செவுள்களோடு நீரிலேயே வாழும் சாலமாண்டர்) மூலையிலேயே கிடக்கிறது, சாப்பிடவும் இல்லை. எப்படிப் பழக்குவது?

திருப்பூரில் வளர்ப்பதாகவும், மூன்றடித் தொட்டிக்கு மாற்றிச் சில நாளே ஆவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளர்ந்த ஆக்சலாட்டில் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருக்கின்றன என்று சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது படபடப்பில் இருப்பதற்கான அடையாளம். வால் நுனியும் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் நானும் ஒன்று வளர்க்கிறேன். நம்ம ஊரில் இந்த உயிரைப் பழக்குவது என்றால் முக்கால்வாசி வேலை தண்ணீரைப் பழக்குவதுதான். மெக்சிகோ நகரை ஒட்டிய சொச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும் இதன் சொந்த இடம். கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரம் மீட்டருக்கும் கூடுதலான உயரம், குளிர்ந்த நீர். 16 முதல் 18 டிகிரி இதற்குச் சுகம், 24-ஐத் தாண்டினால் ஆபத்து. நம் மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியில் சித்திரை மாத மதியம் குழாயைத் திறந்தால் கை சுடும். ஆகவே தண்ணீர் மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே பிடித்து வீட்டுக்குள் மூடி வைத்தால் இன்னும் நல்லது. நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம்.

பழைய தொட்டித் தண்ணீரைப் பாதி ஊற்றினேன், அதனால் சைக்கிளிங் (கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைப்பது) முடிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் மிகக் கொஞ்சமே இருக்கும். ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும்தான் அது ஒட்டி வாழ்கிறது. பழைய பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல் அப்படியே புது ஃபில்டருக்குள் வையுங்கள். புதிதாகத் தொடங்கினால் நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சைபர், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அம்மோனியா தெரிந்தால் ஆக்சலாட்டிலை உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டு, அதே வெப்பத்தில் இருக்கும் சுத்தமான தண்ணீரைத் தினமும் முழுதாக மாற்றுங்கள். தொட்டி சரியாகும் வரை அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் சூடாக இருந்து காரத்தன்மையும் கூடினால் அம்மோனியாவின் விஷமும் ஏறும். அதனால் போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதை அசட்டை செய்யக் கூடாது.

போர் தண்ணீரே கூடாது என்றும் இல்லை. ஆக்சலாட்டிலுக்கு ஓரளவு கடினமான நீர்தான் பிடிக்கும். கோவைக்காரர்கள் பெருமைப்படும் சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதற்குத்தான் கொஞ்சம் தாது சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் உப்பு அதிகமான போர் என்றால் ஆர்ஓ நீர் கலந்து மட்டுப்படுத்துங்கள்.

குளிர்ச்சிக்கு, தொட்டி மேல் சின்ன விசிறி ஓட விட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். நம் பக்கத்துக் காற்று வறண்டது, நன்றாகவே வேலை செய்யும். ஆவியானதை ஈடுகட்ட ஆர்ஓ நீரே ஊற்றுங்கள், போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். பங்குனி, சித்திரையில் விசிறி போதாது. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியோ ஏசி அறையோ வேண்டும். ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு மட்டும், வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் கெடுதல்தான்.

என் அம்மாயி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது கண்ணையே மூடாதா?" என்று கேட்டார். மூடாது, இமையே கிடையாது. அதனால் பளிச்சென்ற விளக்கை அணைத்துவிடுங்கள். மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசல் விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி வையுங்கள், அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபில்டர் வேகத்தைக் குறையுங்கள், செவுள் வளைவதற்கு நீரோட்டமும் ஒரு காரணம். கூழாங்கல் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாய் திறந்து உறிஞ்சித்தான் இரை பிடிக்கும், கல்லும் சேர்ந்து உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். கையில் தூக்கிப் பார்க்க வேண்டாம். செதில் இல்லாத தோல் வழியாக மருந்து நேரே உடம்பில் இறங்கும் என்பதால் கடைக்காரர் கொடுக்கும் மீன் மருந்தையும் அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள்.

உணவு கடைசியில்தான். இரவில் விளக்கணைத்த பின் புழுவை இடுக்கியால் மூக்கருகே மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். உரக்குழிச் சிவப்புப் புழு கசப்பான நீரைச் சுரக்கும், பல ஆக்சலாட்டில்கள் துப்பிவிடும். மண்புழு உரப் பண்ணைகளில் கிடைக்கும் பெரிய ஆப்பிரிக்கப் புழுவை அலசி, நறுக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின், இதை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நாளை காலையும் மதியம் மூன்று மணிக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கிறது, அம்மோனியா எவ்வளவு என்று எழுதுங்கள். அதைப் பார்த்தால்தான் தொட்டியிலேயே விடலாமா, டப்புக்கு மாற்ற வேண்டுமா என்று சொல்ல முடியும்.