ஹட்டன் லேபில் ஓடிய ஐடோஏ வீட்டு உபுண்டுவில் ஓடவில்லை

ஹட்டன் கணினி லேபில் ஓடிய உங்கள் சி நிரல், வீட்டு உபுண்டுவில் (லினக்ஸ்) ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற பிழை காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். எண்ணை எழுத்தாக்கும் ஐடோஏ (itoa) ஃபங்ஷனை எடுத்துவிட்டு, அதே வேலைக்கு எஸ்என்பிரின்ட்எஃப் (snprintf) போடுங்கள். ஐடோஏ சி மொழித் தரத்தில் இல்லை. லேபில் உள்ள விண்டோஸ் கம்பைலர் அதைச் சேர்த்தே தருகிறது, உபுண்டுவின் ஜிசிசி (gcc) கம்பைலர் தருவதில்லை. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ அதனால்தான்.

மொத்தக் கொழுந்து 1000 கிலோவைத் தாண்டினால் லேபில் செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) இலக்கமும் குழம்புகிறது என்றீர்களே, அது வேறு பிழை. எண்ணின் எழுத்துகளை வைக்கும் உங்கள் கேரக்டர் அரே 4 பைட். 1250க்கு 4 எழுத்து, முடிவைக் குறிக்கும் நல் (null) பைட் ஒன்று, ஆக 5 வேண்டும். ஐடோஏ அளவு பார்க்காது. ஐந்தாவது பைட் பக்கத்து வேரியபிளில் விழுந்திருக்கும். 32 பிட் இன்ட் (முழு எண்) வகையின் மிகச் சிறிய மதிப்பு -2147483648, நல்லோடு 12 பைட். தாராளமாக 16 வையுங்கள்.

எஸ்என்பிரின்ட்எஃப்புக்குக் கொடுக்கும் வரிசை: அரே, சைஸ்ஆஃப் அரே (sizeof, அரேயின் பைட் அளவு), "%d", எண்.

சரிபார்க்க, எஸ்என்பிரின்ட்எஃப் திருப்பித் தரும் எண்ணை அச்சிடுங்கள். அரே அளவுக்குச் சமமாகவோ கூடவோ வந்தால் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது.

ஒன்று கவனம்: ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண அரேயை ரிட்டர்ன் செய்யாதீர்கள், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் செல்லாது. அரேயை வெளியிலிருந்து அனுப்பும்போது அளவையும் சேர்த்தே அனுப்புங்கள். உள்ளே சைஸ்ஆஃப் போட்டால் பாயின்டரின் (அரேயின் முகவரி) அளவுதான் கிடைக்கும்.