வெளிநாட்டு அழைப்பு: கட்டணம் எங்கே ஏறுகிறது?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் பெரியம்மாவிடம் பொத்தான் கைபேசிதான் உள்ளது, வீட்டில் இணையம் கிடையாது. எல்லோரும் வாட்ஸ்அப்பைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. வாட்ஸ்அப் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லாததற்குக் காரணம், குரல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இணையத்திலேயே செல்வதுதான். அழைப்பு ஒரு தொலைபேசி எண்ணில் போய்ச் சேர வேண்டும் என்றால், அதை ஏற்றுக்கொள்ளும் அங்குள்ள தொலைபேசி நிறுவனம் நிமிடக் கணக்கில் ஒரு தொகை கேட்கும். நீங்கள் கொடுக்கும் கட்டணத்தைத் தூரத்தைவிட இந்தத் தொகையே பெரிதும் தீர்மானிக்கிறது. பல நாடுகளில் இது கைபேசி எண்களுக்குக் கூடுதலாகவும் தரைவழி எண்களுக்குக் குறைவாகவும் இருப்பதால், பெரியம்மா வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தரைவழித் தொலைபேசி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இல்லையென்றால், இணையத்திலிருந்து சாதாரண எண்ணுக்கு அழைக்க உதவும் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம். இணையம் உங்கள் பக்கம் மட்டும் இருந்தால் போதும். அவருக்கு வழக்கம்போல் மணி அடிக்கும். 2003-இல் தொடங்கிய ஸ்கைப்பை இதற்காகப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகள் இன்னும் புழங்குகின்றன. அந்தச் சேவை 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. வேறு செயலிகள் இருக்கின்றன. பணம் கட்டும் முன், காட்டப்படும் கட்டணம் கைபேசிக்கு உரியதா, தரைவழிக்கு உரியதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, கணக்கிடும் முறையைப் பாருங்கள். ஒரு நிமிடம் ஐந்து வினாடி பேசினால், நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிடும் சேவை இரண்டு நிமிடத்துக்கும், மூன்று நிமிடத் தொகுதியாகக் கணக்கிடும் சேவை மூன்று நிமிடத்துக்கும் பணம் எடுத்துக்கொள்ளும். சில சேவைகள் இணைப்பு கிடைத்தவுடனே பிடிக்கும் தொகை தனி. அடிக்கடி துண்டித்துத் துண்டித்துப் பேசுபவர்களுக்கு, விளம்பரத்தில் மலிவாகத் தெரிவது கையைக் கடிப்பது இதனால்தான்.

முன்பணம் கட்டி வாங்கும் அழைப்பு அட்டைகளான காலிங் கார்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பலவற்றில் பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் பேசாத நாட்களிலும் இருப்பு கரையும். நீங்கள் வாரந்தோறும் ஒரே நாட்டுக்கு நீண்ட நேரம் பேசுபவரானால், உங்கள் கைபேசி நிறுவனமே தரும் பன்னாட்டு அழைப்புத் திட்டம் செயலியைவிட லாபமாக அமையக்கூடும். இரண்டையும் ஒரு மாதப் பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தத் திசையில் அழைத்தால் மலிவு என்பதையும் பெரியம்மாவிடம் கேளுங்கள், ஏனெனில் போக வர ஒரே கட்டணம் என்ற விதி கிடையாது.

கேள்வி: கைபேசியில் வைஃபை அழைப்பு வசதியைப் போட்டுக்கொண்டால் வெளிநாட்டு அழைப்பு இலவசமா?

பதில்: இல்லை. கைபேசிக் கோபுரத்துக்குப் பதிலாக வைஃபை வழியாக உங்கள் நிறுவனத்தை அடைகிறீர்கள், அவ்வளவுதான். வெளிநாட்டு எண்ணுக்குப் பொதுவாக அதே பன்னாட்டுக் கட்டணம் விழும்.

கேள்வி: தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வருகிறது. திரும்ப அழைக்கலாமா?

பதில்: வேண்டாம். கட்டணம் மிகுந்த எண்ணுக்கு உங்களை அழைக்க வைத்து, அதில் பங்கு பெறுவது பழைய மோசடி. +1 என்று தொடங்குவதை வைத்து அமெரிக்கா என்றும் முடிவுசெய்ய வேண்டாம்; கனடாவும், ஜமைக்கா உள்ளிட்ட பல கரீபிய நாடுகளும் அதே குறியீட்டில்தான் இருக்கின்றன, கட்டணமோ நாட்டுக்கு நாடு வேறு. உண்மையில் உங்களைத் தேடுபவராக இருந்தால் மறுபடி அழைப்பார், அல்லது செய்தி அனுப்புவார்.