அப்பாவின் டிரங்குப் பெட்டியில் துப்பாக்கியும் குண்டும்: இப்போது என்ன செய்வது?

கேள்வி: என் அப்பா 1971 போரில் கிழக்கு முனையில் சண்டை போட்டவர். ஹவில்தாராக ஓய்வு பெற்றார். இப்போது 77 வயது. இரண்டு வருடமாக ஞாபக மறதி நோய். போன வாரம் பரணில் இருந்த அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி, 11 தோட்டாக்கள், அன்னாசிப்பழம் மாதிரி கட்டம் கட்டமாக இருந்த ஒரு கையெறி குண்டு. அப்பாவிடம் கேட்டால், "அது பாகிஸ்தான் ஆபீசரோடது, நான் ஜெயிச்சது" என்கிறார். தம்பி கிணற்றில் போட்டுவிடலாம் என்கிறான். மாமா, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்கிறார். 50 வருடத்துக்கு முந்தைய விஷயத்துக்கு வழக்கு வருமா? அப்பாவைக் கைது செய்வார்களா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, சட்டத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் குண்டு. அதை இனி யாரும் தொடக் கூடாது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், இன்னொரு படம் எடுப்பதற்காகத் திறக்காதீர்கள். குண்டின் பாதுகாப்பு ஊசி (பின்) துருப்பிடித்திருக்கலாம், உள்ளே இருக்கும் வெடிமருந்து கெட்டுப்போயிருக்கலாம். பழசாகிவிட்டது என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எல்லோரையும், முக்கியமாக அப்பாவையும் குழந்தைகளையும், வீட்டைவிட்டு வெளியே அழைத்து வந்துவிட்டு, 112-ஐ அழைத்து, "பழைய இராணுவக் கையெறி குண்டு வீட்டில் இருக்கிறது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காவல் துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வரும். இதைப் படித்து முடிக்கும் வரைகூட நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

இனி சட்டம். "நான் ஜெயிச்சது" என்று அப்பா சொல்வதில் பொய் இல்லை. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் கையெழுத்தான சரணடைவில், கிழக்கு முனை முழுவதும் சிறைப்பட்டவர்கள் ஏறத்தாழ 93,000 பேர். அந்த நாட்களை உயிரைப் பணயம் வைத்துக் கடந்த ஒருவருக்கு அந்தத் துப்பாக்கி என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் எதிரிப் படையிடம் கைப்பற்றிய ஆயுதம் கைப்பற்றிய நாட்டுக்குச் சொந்தம், கைப்பற்றிய சிப்பாய்க்கு அல்ல. போர் பற்றிய சர்வதேச மரபு அதுதான். போர்க் கைதியின் சொந்தப் பொருட்களை அவரிடமே விட்டுவிட வேண்டும், ஆயுதங்கள், இராணுவக் கருவிகள், இராணுவ ஆவணங்கள் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் ஜெனிவா உடன்படிக்கையின் 18-வது பிரிவு சொல்கிறது. அங்கே எடுத்துக்கொள்வது அரசு. கண்டோன்மென்ட் வாசல்களில் 1965 போரில் பாகிஸ்தானிடம் பிடித்த 'பாட்டன்' ரக டாங்கிகள் நிற்கின்றனவே, அவை அரசின் சொத்தாக, அரசின் கணக்கில் நிற்பவை.

பணியில் இருக்கும் வீரருக்குத் துப்பாக்கி உரிமம் தேவையில்லையே என்று சிலர் கேட்பார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு தருகிற அந்த விலக்கு, கடமையைச் செய்யும்போது கையில் இருக்கும் ஆயுதத்துக்கு மட்டும். லீவில் ரயிலேறும்போது பெட்டிக்குள் வந்த துப்பாக்கிக்கு அது பொருந்தாது. அதே பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத மிகப் பழைய ஆயுதத்துக்கும் விலக்கு தருகிறது. எண்ணெய்த் துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்த துப்பாக்கிக்கு அந்த வாதம் எடுபடும் என்று நான் நம்பவில்லை. "வெல்டிங் வைத்துக் குழாயை அடைத்துவிடலாமே" என்றும் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள்.

தண்டனை லேசானது அல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு. தடைசெய்யப்பட்ட ஆயுதம் அல்லது தடைசெய்யப்பட்ட தோட்டா, குண்டு வகைக்கு 7 முதல் 14 ஆண்டு. கையெறி குண்டு இந்த இரண்டாவது வகையில் வருகிறது. துப்பாக்கியும் இராணுவத் தோட்டா போடக்கூடிய 9 எம்.எம். போன்ற ரகமாக இருந்தால் சிக்கல் கூடும். 50 வருடம் ஆகிவிட்டது என்பது உதவாது. வைத்திருப்பதே குற்றம், அது ஒவ்வொரு நாளும் தொடர்கிறது. ஒரே ஆறுதல், இராணுவ நீதிமன்றம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஓய்வு பெற்று மூன்று ஆண்டு தாண்டியவர்மீது இப்படிப்பட்ட குற்றத்துக்கு அங்கே விசாரணை தொடங்க முடியாது.

இப்போது உங்களைப் பற்றி. ஆயுதம் ஒருவர் வசம் இருந்தது என்று சொல்ல, அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தப் பெட்டியைத் திறக்கும் வரை உங்களுக்கும் தம்பிக்கும் அது பெரிய பாதுகாப்பு. திறந்த நாளிலிருந்து அந்தப் பாதுகாப்பு கரைந்துகொண்டிருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 36-வது பிரிவு, குற்றம் நடப்பது தெரிந்தவர் தக்க காரணம் இல்லாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லாமல் இருக்கக் கூடாது என்கிறது. ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். பயத்தில் கழிந்த ஒரு வாரத்தை விளக்கிவிடலாம். இரண்டு மாதத்தை விளக்க முடியாது.

கிணறு வேண்டாம். குண்டைத் தூக்குவதே உயிருக்கு ஆபத்து. அதோடு சாட்சியத்தை மறைத்தது என்ற புதுக் குற்றம் தம்பிமேல் வரும். மாமா சொல்லும் ஆளைப் பற்றிப் பேசவே வேண்டாம். உரிமமில்லாமல் ஆயுதத்தை விற்பதற்கு 7 ஆண்டு முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு. வீட்டில் சும்மா கிடந்த ஒரு பொருளை ஆயுத வியாபாரமாக மாற்றிவிடும் யோசனை அது. யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். பதறிப்போய் அழிக்கவும் வேண்டாம்.

ஒப்படைத்தால் வழக்கே வராது என்று சொல்லும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் எப்படி ஒப்படைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு குடும்பம், நல்லெண்ணத்தோடுதான், தாத்தாவின் துப்பாக்கியைத் துணிப்பையில் போட்டு ஆட்டோவில் காவல் நிலையத்துக்குக் கிளம்பியது. வழியில் வாகனச் சோதனை. ஒப்படைக்கப் போனவர்கள், ஆயுதத்தோடு பிடிபட்டவர்களாக எஃப்.ஐ.ஆரில் ஏறினார்கள். ஆகவே நீங்கள் எதையும் கொண்டுபோகாதீர்கள். போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

112-ஐ அழைத்த கையோடு ஒரு வழக்கறிஞரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் பெட்டியைத் திறந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், யார் தொட்டார்கள் என்பதை ஒரே பக்கத்தில் மனுவாக எழுதி, நிலைய ஆய்வாளருக்குக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆட்சியருக்கு ஏன் என்றால், உரிமமில்லாத துப்பாக்கி வழக்கை அவருடைய முன் அனுமதி இல்லாமல் தொடர முடியாது, ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவு. வெடிபொருள் சட்டத்தில் வழக்கு நடத்தவும் அவர் இசைவு வேண்டும். உங்கள் தரப்பைச் சொல்ல வேண்டிய முதல் இடம் அதுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். அப்பாவின் சேவை பற்றி அவர்கள் எழுதும் ஒரு கடிதம் ஆட்சியர் மேசையில் பேசும். முன்ஜாமீன் மனுவை வழக்கறிஞர் தயாராக வைத்திருக்கட்டும். ஆனால் அது கிடைக்கும் வரை குண்டை வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

கைது பற்றிக் கேட்டீர்கள். வராது என்று எழுதிக் கொடுக்க எந்த வழக்கறிஞராலும் முடியாது. 77 வயது, நினைவாற்றல் குறைந்தவர், குடும்பமே முன்வந்து தகவல் சொன்னது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஜாமீனுக்கு வலுவான காரணங்கள். அவருடைய மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் சேருங்கள். தன் வழக்கைத் தானே புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பவர்மீது விசாரணையை நீதிமன்றம் தள்ளிவைக்க முடியும். 60 வயது கடந்தவரைச் சாட்சியாக விசாரிக்கக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் சொல்வதைத் திருத்தவோ இட்டுக்கட்டவோ செய்யாதீர்கள். அவர் "ஜெயிச்சது" என்றால் அப்படியே சொல்லட்டும்.

பெட்டியில் பூர்வி ஸ்டார், சங்கிராம் பதக்கம் போன்றவை இருக்கலாம். அவை அப்பாவுடையவை, யாரும் எடுக்க முடியாது. கைப்பற்றும் பொருட்களைப் பதிவுசெய்யும் மகஜரைப் போலீஸ் எழுதும்போது, கைப்பற்றுவது துப்பாக்கி, தோட்டா, குண்டு மட்டும் என்று தனியாக எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பதக்கங்களும் பெட்டியும் அன்றே அப்பாவின் கைக்கு வந்துவிட வேண்டும்.