வெள்ளெழுத்து: ஒரு சொல், சில கேள்விகள்

கண் மங்கலைக் குறிக்கும் அருஞ்சொற்களைப் பற்றிக் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழர்கள் கேட்டவற்றுக்கான விடைகள் இவை.

கேள்வி: என் தந்தையார் மாத்திரை அட்டையைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, “வெள்ளெழுத்து வந்துவிட்டது” என்கிறார். அச்செழுத்து கறுப்பாகத்தானே இருக்கிறது?

பதில்: கறுப்புத்தான். ஆனால் நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் வில்லை நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் உள்ளதன்மேல் பார்வையைக் குவிக்க இயலாமல் போவதால், எழுத்தின் விளிம்பு கரைந்து, மை தாளோடு கலந்தாற்போல வெளிறித் தெரிகிறது. அட்டையைத் தள்ளிப் பிடித்தால் எழுத்து மீண்டும் கறுக்கிறது. குறை கண்ணுடையது, பெயர் எழுத்துக்கு வந்தது. படிப்பவர் தாம் கண்டதை அப்படியே சொன்ன சொல் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப்பற்று உண்டு.

கேள்வி: இது மலையாளச் சொல் என்கிறான் என் மகன்.

பதில்: இரு மொழிக்கும் பொதுவான சொல், பொருளும் ஒன்றே. நாம் கவனிக்க வேண்டியது ‘திமிரம்’ என்பதை. தமிழ்ச் செய்யுளில் அது இருள், மலையாளத்தில் கண்புரை. இங்குள்ள மருத்துவமனைச் சீட்டில் அச்சொல்லைக் கண்டால் கண்புரை என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டி ‘சாளேசுரம்’ என்பார். கோயிலின் பெயரா?

பதில்: அன்று. இந்துஸ்தானியில் ‘சாலீஸ்’ என்றால் நாற்பது. நாற்பதில் வரும் மங்கல் என்பதால் அப்பெயர். தெலுங்கர் ‘சத்வாரம்’ என்பதும் வடமொழியின் நாற்பதிலிருந்து வந்ததே. அவை வயதைச் சொல்கின்றன. வெள்ளெழுத்து காட்சியைச் சொல்கிறது.

கேள்வி: எல்லா மங்கலுக்கும் இச்சொல்லை வழங்கலாமா?

பதில்: கூடாது. தொலைவில் வரும் பேருந்தின் பலகை தெரியாவிட்டால் அது கிட்டப்பார்வை. காத்திருந்து சோர்ந்த கண்ணுக்குக் குறள் வேறொரு சொல் தருகிறது: “வாளற்றுப் புற்கென்ற கண்ணும்” (1261). பிரிந்தவர் வரும் வழியையே பார்த்துப் பார்த்து ஒளி (வாள்) இழந்து மங்கிய (புற்கென்ற) கண் அது. திடீரென ஒரு கண் மங்கினாலோ, சொல்லைத் தேடிக்கொண்டிராமல் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எழுதும்போது எப்படி ஆள்வது?

பதில்: ‘அவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது’ என எழுதலாம். கண்ணாடியோடு சேர்க்கையில் ‘வெள்ளெழுத்துக் கண்ணாடி’ என ஒற்று மிகும்.